பிள்ளைக்காம்பராவில் பேய் வந்த மாதம்

சென்ற ஜூனில் நான் ஓய்வுபெற்ற சமூக ஆய்வு அலுவலகத்தில் புதிதாக மூன்று கள ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது, டேப்லெட்தான். கேள்வி திரையில் வரும், பதிலைத் தொட்டால் போதும், அன்று மாலைக்குள் குன்னூர் அலுவலகத்தில் அட்டவணை தயார். அவர்களில் ஒரு பெண், சமூகவியலில் முதுகலை முடித்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார்.

"சார், நீங்க பி.காம்தானாம். சமூகவியல் படிக்காம எப்படி முப்பத்தொரு வருஷம் இந்த வேலையில இருந்தீங்க?"

அன்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். சமூகவியல் என்றால் என்ன என்று விளக்கும் புத்தகங்கள் பதினொன்று என் அலமாரியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் ஒவ்வொன்றும் ஒரு வரையறை தருகிறது, ஒன்று சொல்வதை இன்னொன்று முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு தேயிலை எஸ்டேட்டில், நான் செய்த ஒரு தவறிலிருந்து. அதைத்தான் எழுதுகிறேன். எஸ்டேட்டின் பெயரைத் தரவில்லை, மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டையும் தரவில்லை, ஆண்டைச் சொன்னால் அந்தப் பக்கத்துக்காரர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதமும் கிழமையும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே இருக்கின்றன.

நான் தட்டச்சராகத்தான் சேர்ந்தேன். ஆறாம் மாதம் ஒரு கள ஆய்வாளர் வேலையை விட்டுப் போனதால் என்னை வெளியே அனுப்பினார்கள். எங்கள் தலைவர் டாக்டர் வசந்தா, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார். ஆனால் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்து நான் பார்த்ததில்லை. அவர் தந்த முதல் வேலை, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை குன்னூர் பஸ் நிலையத்தில் நின்று கண்டதை எழுதுவது. இரண்டு பக்கம் எழுதி, "மற்றவை வழக்கம்போல" என்று முடித்தேன். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் நான்கு கேள்விகள் எழுதித் திருப்பினார். எது வழக்கம்? யாருடைய வழக்கம்? எப்போதிலிருந்து? மீறினால் என்ன ஆகும்?

மறுநாள் போய் மறுபடி நின்றேன். மேட்டுப்பாளையம் பஸ் உள்ளே திரும்பியதும் வெளியே நின்றவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை எல்லாவற்றையும் சீட்டில் போட்டார்கள். பிறகு நிதானமாக ஏறினார்கள். துண்டு கிடந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. இப்படி எந்தச் சட்டமும் இல்லை, பஸ்காரரும் சொல்லவில்லை. ஒரே ஒருவர், வெளியூர்க்காரர் போலிருக்கிறது, துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். துண்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் அவருக்காகப் பேசினார்கள். உட்கார்ந்தவர் எழுந்துகொண்டார். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், நானும் துண்டு போட்டிருக்கிறேன். எழுத வேண்டிய விஷயம் என்று அதுவரை தோன்றியதில்லை. டாக்டர் வசந்தா படித்துவிட்டு, "இப்பத்தானுங்க மூர்த்தி வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க" என்றார்.

அடுத்த சில ஆண்டுகள் எமரால்டு என்ற ஊர்ப் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் கணக்கெடுப்பில் போயின. அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் பள்ளியை இடையில் நிறுத்துவது பற்றிய படிவம் அது. காரணம் என்ற கட்டத்தில் "ஆர்வமில்லை" என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். அப்போது டாக்டர் சொன்னார்: "ஒரு பொண்ணு நிறுத்துனா அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க. ஒரே வரிசை ஊட்டுல அஞ்சு பேரு நிறுத்துனா, பஸ்சு எத்தன மணிக்கு வருதுன்னு பாருங்க." பஸ் பள்ளி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்துகொண்டிருந்தது.

எங்கள் குறிப்பேட்டு முறையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கிழமை, மணி. அதற்குக் கீழே, பேசும்போது அருகில் யார் யார் இருந்தார்கள் என்ற வரி. பிறகு மூன்று பத்திகள். இடது பக்கம் கண்ணால் கண்டது. நடுவில் அவர்கள் சொன்னது, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. வலது பக்கம் நாம் நினைப்பது. அதை இடத்தைவிட்டு அறைக்குத் திரும்பிய பிறகே எழுத வேண்டும். டாக்டர் வசந்தா படிக்கும்போது ஓர் அஞ்சலட்டையால் வலது பத்தியை மூடிக்கொள்வார். இடது பத்தியை முழுதும் படித்த பிறகுதான் அட்டை நகரும்.

இனி அந்த எஸ்டேட். சேரம்பாடியிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். குழந்தைகள் காப்பகத்தை அவர்கள் பிள்ளைக்காம்பரா என்பார்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் முன் கைக்குழந்தைகளை அங்கே விடுவது வழக்கம். எங்களுக்கு வந்த கடிதத்தில் நிர்வாகம் எழுதியிருந்தது இதுதான்: காப்பகத்தில் பாலும் பிஸ்கட்டும் தொட்டிலும் இருக்கின்றன, குழந்தைகள் மட்டும் இல்லை, காரணம் கண்டு சொல்ல வேண்டும்.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். என்னைச் சுற்றிக்காட்ட ஒரு கண்டக்டரை அனுப்பியிருந்தார்கள். எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் தோட்டவேலையை மேற்பார்க்கும் அதிகாரி. யார் எந்த நெரையில், அதாவது எந்தச் செடி வரிசையில், பறிப்பது என்று காலையில் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். மரியாதையான மனிதர், கோபி ஊர்க்காரர். போகும் வழியிலேயே எனக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க சார், இதுக்குப் போயி குன்னூர்ல இருந்து வரணுமுங்களா? அந்த ரூம்புல காத்து கருப்பு இருக்குதுன்னு ஒரு பேச்சு. சொன்னாப் புரியாதுங்க இவங்களுக்கு."

பெண்களும் அதையே சொன்னார்கள். முதலில் சொன்னவர் புஷ்பம், முப்பது வயதிருக்கும், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. "செப்டம்பர்ல என் புள்ளைக்கு அங்கதான் காச்சல் வந்திச்சு சார். மத்தியானம் தொட்டில்ல கெடந்த புள்ள வீறிட்டுக் கத்தியிருக்கு. என்னாத்தக் கண்டிச்சோ."

என் படிவத்தில் அடுத்த கேள்வி அச்சிடப்பட்டிருந்தது: பராமரிப்பாளர் மீது ஏதேனும் குறை உண்டா? அதையும் கேட்டேன். கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புஷ்பம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

"ஆயாவுக்குப் புள்ள குட்டி இல்லீங்களே. புருசனும் இல்ல. அந்தக் கண்ணு நல்லதாப் படுமா, சொல்லுங்க."

அன்றும் மறுநாளும் பத்தொன்பது தாய்மாரிடம் பேசினேன். அந்தக் கேள்வி வரும்வரை பேய். அந்தக் கேள்விக்குப் பிறகு ஆயா. ஏறக்குறைய ஒரே வார்த்தைகள். இவ்வளவு ஒத்துப்போகும் பதில்கள் கிடைத்ததில் எனக்குத் திருப்தியாக இருந்தது. புதன்கிழமை, "மூடநம்பிக்கை, ஆயாவின் மீது தாய்மாருக்கு நம்பிக்கையின்மை" என்று ஒரு பக்க இடைக்காலக் குறிப்பு எழுதினேன். ஒரு பிரதி குன்னூருக்கு. மரியாதைக்காக ஒரு பிரதி மேனேஜருக்கு. இரண்டாவது பிரதியை நான் அனுப்பியிருக்கக் கூடாது.

ஆயாவின் பெயர் சரோஜம். ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் கொழுந்து பறித்தவர், கடைசி ஆறு வருடமாகக் காப்பகத்தில். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டித் தந்த லைன் வீட்டில் தனியாக இருந்தார். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும், போவதற்கு அவருக்கு வேறு இடமில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி சொன்னார். காரணமாகக் காட்டியது என் குறிப்பை.

இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. சனிக்கிழமை குன்னூருக்குத் திரும்பி, திங்கட்கிழமை டாக்டர் வசந்தாவின் மேஜை முன் நின்றேன். அவர் அஞ்சலட்டையை வைத்துக்கொண்டு இடது பத்தியைப் படித்து முடித்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

"பத்தொம்பது பேரும் ஒரே பதில் சொல்லியிருக்காங்களே. பக்கத்துல யாருன்னு போட்டிருக்கீங்க?"

"கண்டக்டர் மேடம். எல்லாப் பக்கத்துலயும்."

"அப்ப இது காப்பகத்தப் பத்தின பதில் இல்லீங்க. கண்டக்டர் முன்னால என்ன சொல்லலாம்ங்கறதுக்கான பதில்." பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இது என்ன? 'பகல் பன்னிரண்டு. தார் ரோட்டோரம் கொழுந்து எடை போடும் இடம். வயதான பெண்கள் ஏழு பேர் கைக்குழந்தைகளோடு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.' எதுக்கு உக்காந்திருந்தாங்க?"

"தெரியலைங்க மேடம்."

"கேக்கலையா?"

"வழக்கமா உக்காருவாங்கபோலன்னு..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி, பேய் எந்த மாசம் வந்துச்சு?"

"செப்டம்பர்."

"புள்ளைங்க எந்த மாசம் போச்சு?"

நான் பார்த்திருக்கவில்லை. தேதி விஷயத்தில் அலுவலகமே கேலி செய்யும் அளவுக்குக் கறாரானவன் நான். காப்பகத்தின் வருகைப் பதிவேடு சரோஜத்தின் அலமாரியில் இருந்தது, அதை நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மறுபடி போனேன். கண்டக்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். நேரே காப்பகத்துக்குப் போனபோது சரோஜம் காலித் தொட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா. பேயப் பாக்க வந்தீங்களா, என்னயப் பாக்க வந்தீங்களா? ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்தீங்களாமே."

மேனேஜர் சொன்னதை அப்போதுதான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாசக் கடைசிக்குப் பன்னெண்டு நாளு இருக்கு. வந்த வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்து வைத்தார்.

பதிவேடு சுத்தமாக இருந்தது. ஜூன் கடைசி வரை தினமும் இருபதுக்குக் குறையாத குழந்தைகள். ஜூலை முதல் வாரம் பதினொன்று. ஜூலைக் கடைசியில் மூன்று. ஆகஸ்டில் பெரும்பாலான நாட்கள் புஷ்பத்தின் குழந்தை ஒன்று மட்டும். செப்டம்பரில் அதற்குக் காய்ச்சல். பேய் வந்தபோது காப்பகம் காலியாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"ஜூலையில என்னங்க நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"மழ. மேல் ரோடு சரிஞ்சிருச்சு. டிராக்டர் ஏற முடியல. அதனால எடையக் கீழ தார் ரோட்டுக்கு மாத்துனாங்க. அதுக்கு முந்தி எடக் கொட்டாய் இங்கனதான்." கையை நீட்டிக் காட்டினார். காப்பகத்தின் பின்பக்கம், இருபதடி தூரத்தில், தராசு தொங்கிய கொக்கி இன்னும் இருந்தது.

மிச்சத்தையும் சரோஜமே சொன்னார், அங்கேயே நடுப் பத்தியில் எழுதினேன். கொழுந்து பறிப்பவர்கள் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை எடைக்கு வருவார்கள். எடை காப்பகத்தின் அருகே இருந்தவரை தாய்மார் கொழுந்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துப் போனார்கள். எடை கீழே போன பிறகு காப்பகத்துக்கு ஏறி இறங்க அரைமணி ஆகும். எடையை வைத்துத்தான் கூலி என்பதால், தன் பை தராசில் ஏறும்போது முள்ளைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் நகரமாட்டாள். ஆகவே குழந்தைகளை லைனில் வயதானவர்களிடம் விட்டார்கள். அவர்கள் பால் நேரத்துக்குத் தூக்கிக்கொண்டு எடை இடத்துக்கு வந்தார்கள். கல்லின்மேல் உட்கார்ந்திருந்த ஏழு பெண்கள் இவர்கள்தான். புஷ்பத்துக்கு லைனில் பெரியவர்கள் யாரும் இல்லை. அவர் குழந்தை மட்டும் கடைசிவரை காப்பகத்துக்கு வந்ததன் காரணம் அது.

நவம்பரில் மேல் ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். கீழே எடை போடுவது டிராக்டருக்குச் சௌகரியமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மிச்சம் ஒரு கேள்வி. இதை ஏன் யாரும் சொல்லவில்லை? மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, பெரட்டு முடிந்து, அதாவது ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுத்து முடிந்து, பெண்கள் மலையேறியபோது நானும் கூடவே ஏறினேன். புஷ்பத்தின் நெரைக்கு அடுத்த பாதையில் நின்றேன். கண்டக்டர் எதிர் மேட்டில் இருந்தார்.

"கொழுந்து பறிக்கத் தெரியுமா சார்? சும்மா நின்னா கால்ல அட்டை ஏறும்."

"ஜூலையிலேயே எடை இடம் மாறினதுதான் காரணம்னு பதிவேட்டுல தெரியுது. கண்டக்டர்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே?"

பறிக்கும் கை நிற்கவில்லை. பக்கத்து நெரையிலிருந்து யாரோ சிரித்தார்கள். புஷ்பம் குரலைத் தணித்துச் சொன்னார்:

"எடைய மாத்துனது அவுரு. அவுருகிட்டப் போயி நீங்க செஞ்சது தப்புன்னா, நாளைக்கு எனக்கு நல்ல நெரை குடுப்பாரா? பள்ளத்துல, கவாத்து வெட்டிக் கொழுந்தே இல்லாத பக்கம் தள்ளிவிட்ருவாரு. செப்டம்பர்ல வந்து ஏன் யாருமே புள்ளைய விடலைன்னு கேட்டாரு. பேயின்னேன். பேயச் சொன்னா பேயி என் நெரைய மாத்துமா சார்?"

"சரோஜம் அம்மா பேரையும் சொன்னீங்களே?"

இப்போது கை நின்றது. "அது நாங்களாச் சொல்லல. நீங்கதான் ஆயா எப்படின்னு கேட்டீங்க. அவுரும் நின்னாரு. ஏதாச்சும் சொல்லணுமில்ல."

இது நடுப் பத்தியில் அப்படியே இருக்கிறது. வலது பத்தியை அன்று நான் நிரப்பவில்லை.

குன்னூரில் டாக்டர் வசந்தா இறுதி அறிக்கையை மூன்று முறை திருத்தினார். புஷ்பம் சொன்னது முழுவதையும் எடுத்துவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆய்வின் உயிரே அந்த வாக்கியம்தான் என்றேன். "அத யாரு சொன்னாங்கன்னு கண்டுபுடிக்க அந்த கண்டக்டருக்கு எத்தன நேரமாகுமுங்க?" என்று கேட்டார். பதிவேட்டு எண்ணிக்கை, எடை இடம் மாறிய வாரம், மேல் ரோடு சரியான மாதம், மதிய எடையையாவது பழைய இடத்தில் வைக்கலாம் என்ற ஒரு பரிந்துரை, இவ்வளவுதான் மிஞ்சின. கடைசியில் தனிப் பத்தியாக, முந்தைய குறிப்பு தவறான முறையில் கேட்கப்பட்ட கேள்வியின் அடிப்படையிலானது, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதச் சொன்னார். என் கையெழுத்தோடு ஜனவரி இருபத்தாறுக்கு முந்தைய நாள் ஆள் மூலம் போய்ச் சேர்ந்தது. சரோஜத்தை நிறுத்தும் உத்தரவை மேனேஜர் ரத்து செய்தார்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை மதிய எடை மேல் கொட்டகைக்குத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை ஒன்பது குழந்தைகள், வியாழக்கிழமை பதினாறு. வெள்ளிக்கிழமை கண்டக்டர் தன் பொறுப்பில் ஒரு பூசாரியை வரவழைத்து, காப்பகத்தின் வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பேயை விரட்டினார். பூசைக்கு எல்லோரும் வந்தார்கள், மேனேஜர் உட்பட. பேய் போனதால் குழந்தைகள் திரும்பின என்றே இன்றுவரை அந்த எஸ்டேட்டில் பேச்சு. குழந்தைகள் வந்தது செவ்வாய், பேய் போனது வெள்ளி. அங்கே யாருக்கும் இந்த வரிசை தெரியாமலில்லை. கண்டக்டரின் கௌரவம் காக்கப்பட்டது. அவர் நெரைகளை முன்போலவே பிரித்துக் கொடுத்தார். தண்டனையாக யாருக்கும் பள்ளம் கிடைக்கவில்லை.

மார்ச் நடுவில், முடிவைச் சரிபார்க்க மூன்றாவது முறை போனேன். காப்பக வாசலிலேயே குழந்தைகளின் சத்தம் கேட்டது. உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவர் புஷ்பம்.

"ஆயா இப்ப நான்தான் சார்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "சரோஜக்கா நெரையில இருக்காங்க."

என் அறிக்கை பலிக்கவில்லையோ, வேறு வழியில் அவரை வெளியே தள்ளிவிட்டார்களோ என்று பதற்றத்தோடு மேலே ஏறினேன். சரோஜம் நல்ல நெரையில், மேட்டில், இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தார். தலையில் சாக்கு, முதுகில் பை.

"யாரு உங்கள மாத்துனாங்க?"

"நாந்தான் மாறுனேன். பூசை அன்னைக்குக் கேட்டேன். எஸ்டேட்டே கூடி நிக்கிது, மேனேஜர் தொரையும் சந்தோசமா நிக்கிறாரு. ஆயா வேலைய வயசு கம்மியானவகளுக்குக் குடுங்க, என் பேர நெரையிலயே எழுதுங்கன்னேன். அத்தன பேரு முன்னால மாட்டேன்னு சொல்லுவாரா?"

"ஆனா அங்கதான் வேலை லேசு. அறிக்கையிலயும் உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு எழுதியாச்சே."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. வாசிச்சுக் காட்டுனாங்க." ஒரு பிடி கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பையில் எறிந்தார். "ஆனா தம்பி, புள்ளைக்கு மறுபடி காச்சல் வராமலா இருக்கும்? காம்பராவுல ஒருத்திதான் இருப்பா. இந்த நெரையில நாப்பது பேரு இருக்கோம். இங்க யாரச் சொல்லுவாங்க?"

"அப்ப புஷ்பம்?"

சரோஜம் கீழே காப்பகத்தின் தகரக் கூரையைப் பார்த்தார்.

"அவளுக்குப் புருசன் இருக்கான், புள்ள இருக்கு, வாயும் இருக்கு. அவமேல பழிய ஏத்துறது கஷ்டம். அதனாலதான் அவ பேரச் சொல்லிவிட்டேன்."